குளம் வளைத்த ஓடுபாதை: டார்லிங்டன் ‘சதர்ன் 500’ பந்தயத்தின் வரலாறு

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், பீ டீ ஆற்றுப் படுகையில், பருத்தியும் புகையிலையும் விளைந்த சமவெளியின் நடுவே டார்லிங்டன் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. பெருநகரமாகவோ துறைமுகமாகவோ மாநிலத் தலைநகரமாகவோ ஒருநாளும் இருந்திராத இவ்வூரின் பெயரை அந்நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் கொண்டுசென்றது, 1950ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அங்கே தொடங்கிய ‘சதர்ன் 500’ என்னும் ஆண்டுப் பந்தயமே ஆகும். ‘தெற்கத்திய ஐந்நூறு’ எனப் பொருள்படும் இப்பெயரில் உள்ள எண், ஓடவேண்டிய தொலைவை மைல் கணக்கில் குறிக்கிறது. அது ஏறத்தாழ 805 கிலோமீட்டருக்குச் சமம். ஸ்டாக் கார்ப் பந்தயங்களில் இதைவிடப் பெரிய பரிசுத்தொகை கொண்டவையும், இதைவிடப் பெரிய அரங்குகளில் நடப்பவையும் இன்று உண்டு என்றாலும், ஒரு விளையாட்டு எவ்வாறு ஒரு மண்ணோடும் ஒரு நாளோடும் பிணைந்து வழக்கமாக வேரூன்றுகிறது என்பதையும், அந்தப் பிணைப்பை அறுத்தால் என்ன நேர்கிறது என்பதையும் இந்தப் பந்தயத்தின் வரலாறு அளவுக்குத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

ஸ்டாக் கார் என்பதன் பொருள்

பந்தயத்துக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை வண்டிகளிலிருந்து வேறுபடுத்துவதற்காக, விற்பனைக் கூடத்தில் எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய சாதாரணக் காரை அமெரிக்கர்கள் ‘ஸ்டாக் கார்’ என்றழைத்தனர். இவ்வகைக் கார்களை ஓட்டும் திறமை தென்மாநிலங்களில் பெருகியதற்குக் கள்ளச்சாராயம் ஒரு முக்கியக் காரணம் என்பது விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் செய்தியாகும். 1920 முதல் 1933 வரை நாடெங்கும் நடைமுறையில் இருந்த மதுவிலக்கு நீங்கிய பின்னரும், வரி கட்டாமல் மலைக்காடுகளில் காய்ச்சிய சாராயத்துக்குச் சந்தை குறையாததால், அதை இரவோடிரவாக நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் இளைஞர்கள், வெளித்தோற்றத்தில் மாற்றம் எதுவும் தெரியாதபடி தங்கள் கார்களின் எஞ்சினை முடுக்கிவிட்டும், சுமையால் பின்புறம் தாழாதிருக்க வில்கம்பிகளைக் கெட்டிப்படுத்தியும், காவலர்களை விஞ்சும் வேகத்தில் மலைப்பாதைகளில் ஓட்டப் பழகினர். அவர்களுள் யார் சிறந்த ஓட்டுநர் என்னும் போட்டி, நாளடைவில் மேய்ச்சல் நிலங்களிலும் கண்காட்சித் திடல்களிலும் வகுத்த மண்பாதைகளுக்கு இடம்பெயர்ந்தது.

அக்காலப் பந்தயங்களுக்கு ஊருக்கு ஊர் விதிகள் மாறின. நுழைவுக் கட்டணத்தையும் பரிசுப் பணத்தையும் சுருட்டிக்கொண்டு பந்தயம் முடியுமுன்னே மறைந்துவிடும் ஏற்பாட்டாளர்களும் இருந்தனர். இந்தச் சீர்கேட்டுக்கு முடிவுகட்ட விரும்பிய பில் பிரான்ஸ் என்னும் கார் பழுதுபார்ப்பவர், 1947 டிசம்பரில் புளோரிடா மாநிலத்தின் டேடோனா பீச் நகரில் இருந்த ஸ்ட்ரீம்லைன் விடுதியில் ஏற்பாட்டாளர்களையும் ஓட்டுநர்களையும் கூட்டிப் பேசியதன் விளைவாக, 1948 பிப்ரவரியில் ‘நாஸ்கார்’ எனச் சுருக்கமாக வழங்கும் தேசிய ஸ்டாக் கார்ப் பந்தயச் சங்கம் பதிவு பெற்றது. மறு ஆண்டு ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில், மாற்றம் எதுவும் செய்யாத புதிய கார்களுக்கு மட்டுமான முதல் பந்தயத்தை அச்சங்கம் நடத்தியபோது, முதலில் வந்த கிளென் டனவே ஓட்டிய காரின் பின்புற வில்கம்பிகள் சாராயம் கடத்தும் வண்டிகளில் போலக் கெட்டிப்படுத்தப்பட்டிருந்தமை ஆய்வில் தெரியவந்ததால், வெற்றி கான்சஸ் மாநிலத்தவரான ஜிம் ரோப்பருக்குப் போயிற்று. காரின் உரிமையாளர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லண்ட் தொடுத்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்ததன் மூலம், தன் விதியைத் தானே நிறைவேற்றும் உரிமை சங்கத்துக்கு உறுதிப்பட்டது. விதியால் வெற்றியை இழந்த இந்த வெஸ்ட்மோர்லண்டின் பெயர், அடுத்த ஆண்டு டார்லிங்டனில் வேறொரு வகையில் மீண்டும் வந்து நிற்கிறது.

நிலமும் குளமும்

சார்லட் பந்தயம் நடந்த காலத்தில் ஸ்டாக் கார்கள் ஓடியவை பெரும்பாலும் அரை மைல் சுற்றளவுள்ள மண்பாதைகளே. கெட்டித்தளம் இட்ட பெரிய ஓடுபாதையும் ஐந்நூறு மைல் தொலைவும் வடக்கே இந்தியானாபொலிஸ் நகரில் 1911 முதல் நடந்துவந்த பந்தயத்துக்கு உரிய பெருமைகளாகக் கருதப்பட்டன. அங்கே ஓடியவையும் ஸ்டாக் கார்கள் அல்ல. டார்லிங்டனைச் சேர்ந்த ஹரால்ட் பிரேசிங்டன் என்பவர், நிலத்தைச் சமன்செய்யும் இயந்திரங்களும் கட்டுமானத் தொழிலில் பழக்கமும் உடையவர். 1933இல் இந்தியானாபொலிஸ் பந்தயத்தை நேரில் பார்த்துத் திரும்பிய அவர், அத்தகைய பாதையொன்றைத் தம் ஊரிலேயே அமைக்கலாம் என்னும் எண்ணத்தைப் பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, 1949இல் ஷெர்மன் ராம்சி என்னும் நில உரிமையாளரிடமிருந்து ஏறத்தாழ 70 ஏக்கர் நிலத்தைப் பெற்று வேலையைத் தொடங்கினார். பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த வயலில் பிரேசிங்டன் தம் இயந்திரத்தைக் கொண்டு தாமே மண்ணைக் குவித்து வளைவுகளை எழுப்பியதைக் கண்ட ஊரார் பலர், இது நிறைவேறாத ஆசை என்றே எண்ணினர்.

நிலத்தைக் கொடுத்த ராம்சி விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: நிலத்தின் மேற்கு ஓரத்தில் அவர் பொடிமீன் வளர்த்துவந்த குளம் கலையாமல் இருக்க வேண்டும். இரு முனைகளும் ஒத்த நீள்வட்டமாகப் பாதையை அமைக்க எண்ணியிருந்த பிரேசிங்டன், கொடுத்த வாக்கை மீறாமல் குளத்தின் பக்கம் வளைவை நெருக்கிக் குறுக்கி, இடம் தாராளமாக இருந்த கிழக்கு முனையில் அகலமான வளைவை அமைத்தார். அதனால் ஒருபுறம் கூம்பியும் மறுபுறம் விரிந்தும் முட்டையின் வடிவில் அமைந்த 1.25 மைல் பாதை உருவாயிற்று. பொறியாளர் எவரும் விரும்பித் தேர்ந்தெடுத்திராத இந்த வடிவமே பின்னர் அப்பாதையின் புகழுக்கு முதற்காரணமாயிற்று என்பதை எண்ணும்போது, ஒரு மனிதர் நிலம் தந்தவருக்குக் கொடுத்த சொல்லைக் காத்ததன் அடையாளம் உலகின் மிகக் கடினமான ஓடுபாதைகளுள் ஒன்றின் உருவமாகவே நிலைத்துவிட்டது என்று சொல்லலாம்.

1950, செப்டம்பர் 4

முதல் பந்தயத்துக்குத் தேர்ந்த நாள், அமெரிக்காவில் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையன்று விடுமுறையாகக் கொண்டாடும் தொழிலாளர் நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுக் கேளிக்கைகளைத் தடைசெய்யும் சமயச் சார்பான சட்டங்கள் அம்மாநிலத்தில் அப்போது கடுமையாக இருந்ததால், விடுமுறையாகிய திங்களே பெருங்கூட்டம் கூடுவதற்கு ஏற்ற நாளாக அமைந்தது. இந்தியானாபொலிஸ் மரபைப் பின்பற்றி, வரிசைக்கு மூன்றாக இருபத்தைந்து வரிசைகளில் 75 கார்கள் நிறுத்தப்பட்டன. இருபத்தையாயிரம் அளவிலான மக்கள் திரண்டதால், பெருநகரக் கூட்டத்தை என்றும் கண்டிராத அவ்வூரில் தங்கும் இடமும் உணவும் போதாமல் பலர் தம் கார்களிலேயே இரவைக் கழித்தனர்.

அன்றுவரை மண்பாதையில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தார்த்தளம் புதிய பாடமொன்றைக் கற்பித்தது. மண்ணில் சறுக்கிச் செல்லும் டயர், தாரில் உராய்ந்து சூடேறித் தேய்ந்து வெடித்தது. சாலையில் ஓடும் சாதாரண டயர்களோடு வந்திருந்த வலிமையான எஞ்சின் கார்கள், முழு வேகத்தில் சில சுற்றுகள் ஓடுவதும் டயர் மாற்ற ஒதுங்குவதுமாக இருந்தன. முதலிடத்திலிருந்து புறப்பட்ட கர்ட்டிஸ் டர்னர் போன்ற பெயர்பெற்ற ஓட்டுநர்களும் இவ்வாறே நேரத்தை இழந்தனர். இந்தியானாபொலிஸ் பாதையில் ஓட்டிய அனுபவம் உடைய ஜானி மான்ட்ஸ் என்னும் கலிஃபோர்னியர் மட்டும், கடினமான ரப்பரால் ஆன டயர்களைப் பூட்டிக்கொண்டு, ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட எளிய பிளிமத் காரை மாறாத ஒரே வேகத்தில் ஓட்டினார். பந்தய ஏற்பாட்டு வேலைகளுக்காக ஊருக்குள் அங்குமிங்கும் ஓட்டித் திரிந்த கார் அது என்பர். அதன் உரிமையில் பில் பிரான்ஸுக்கும் கர்ட்டிஸ் டர்னருக்கும், முந்திய ஆண்டு சார்லட்டில் வெற்றியை இழந்த அதே ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லண்டுக்கும் பங்கு இருந்தது. நாற்பத்து மூன்றாம் இடத்திலிருந்து புறப்பட்ட மான்ட்ஸ், ஐம்பதாம் சுற்றளவில் முன்னணிக்கு வந்தபின் எவருக்கும் இடம்கொடாமல், ஆறரை மணி நேரத்துக்கும் மேலாக நீண்ட 400 சுற்றுகளை, மணிக்கு 75.25 மைல், அதாவது ஏறத்தாழ 121 கிலோமீட்டர் என்னும் சராசரி வேகத்தில் முடித்து, இரண்டாவதாக வந்த ஃபயர்பால் ராபர்ட்ஸைவிட ஒன்பது சுற்றுகள் முன்னதாக வென்றார். நெடுந்தொலைவுப் பந்தயத்தில் எஞ்சின் வலிமையைவிட டயரைக் காக்கும் பொறுமையே பெரிது என்னும் உண்மை அன்று நிலைபெற்றது. டார்லிங்டன் பாதை அதை இன்றுவரை ஒவ்வோராண்டும் நினைவூட்டி வருகிறது.

வழக்கமாக வேரூன்றிய காலம்

மறு ஆண்டு 82 கார்கள் பங்கேற்றன. நாஸ்காரின் முதன்மைத் தொடரில் ஒரே பந்தயத்தில் இத்தனை கார்கள் புறப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவ்வாண்டு வென்ற ஹெர்ப் தாமஸ் ஓட்டிய ஹட்சன் ஹார்னெட் கார், தரைத்தளத்தைச் சட்டங்களுக்கு இடையே தாழ்த்தி அமைத்திருந்ததால் புவியீர்ப்பு மையம் தாழ்ந்து, வளைவுகளில் பிறவற்றைவிட உறுதியாக நின்றது. அவரே 1954இல் மீண்டும் ஹட்சனிலும், 1955இல் அவ்வாண்டு அறிமுகமான எட்டு சிலிண்டர் எஞ்சின் பொருத்திய ஷெவர்லே காரிலும் வென்றபோது, டார்லிங்டனில் பெறும் வெற்றி விற்பனைக் கூடங்களில் எதிரொலிப்பதைக் கார் நிறுவனங்கள் கண்டுகொண்டன. 1959இல் டேடோனாவிலும், 1960இல் சார்லட்டிலும் அட்லாண்டாவிலும் பெரும் பாதைகள் திறக்கும்வரை, தென்மாநிலங்களின் பெரும் தார்ப்பாதைகளுள் முதன்மையானது டார்லிங்டனே. எனவே அந்த ஒன்பது ஆண்டுகளில், காரின் தகுதியையும் ஓட்டுநரின் தகுதியையும் உரசிப் பார்க்கும் கல்லாக அது விளங்கிற்று.

பாதையைத் தோற்றுவித்த பிரேசிங்டன் சில ஆண்டுகளிலேயே நிர்வாகத்திலிருந்து விலகினார்; நிலக்கடலை வணிகத்திலிருந்து வந்த பாப் கால்வின் தலைமையேற்று, 1967இல் இறக்கும்வரை பந்தயத்தை ஊர்த் திருவிழாவாகவே வளர்த்தார். தொழிலாளர் நாளுக்கு முந்திய நாள்களில் ஊர்த்தெருக்களில் அணிவகுப்பும் அழகிப் போட்டியும் நடந்தன. பருத்தி எடுப்பும் பள்ளித் திறப்பும் நெருங்கும் அந்த வார இறுதியில், தென்மாநிலங்கள் பலவற்றிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து, பாதைக்கு உள்ளே அமைந்த திடலில் கூடாரமிட்டுச் சமைத்து உண்டு தங்கினர். தந்தை அமர்ந்த இருக்கையில் மகனும் பின்னர் பேரனும் அமர்வது வழக்கமாயிற்று. 1953இல் பாதையின் சுற்றளவு 1.375 மைலாக நீட்டப்பட்டு வளைவுகளின் சாய்வும் உயர்த்தப்பட்டது. இன்றைய கணக்கில் சுற்றளவு 1.366 மைல், ஒருமுனை வளைவின் சாய்வு 25 பாகை, மறுமுனையின் சாய்வு 23 பாகை.

இந்தத் திருவிழாவின் கூடாரம் எல்லாரையும் ஏற்கவில்லை என்பதை மறைப்பது வரலாற்றுக்கு இழைக்கும் பிழையாகும். 1861 முதல் 1865 வரை அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி, டார்லிங்டன் அரங்கிலும் அதன் விளம்பரங்களிலும் தாராளமாகப் பறந்தது, 1952இல் வென்ற ஃபான்டி ஃபிளாக் காரின்மீது ஏறி நின்று, அந்தக் கூட்டமைப்பின் பாடலாக வழங்கிய ‘டிக்ஸி’யைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடியது புகழ்பெற்ற நிகழ்ச்சியாகப் பேசப்பட்டது, 1957இல் அங்கே தொடங்கிய இளவேனிற்காலப் பந்தயத்துக்கு, பிரிவினைப் போர்வீரரைக் குறிக்கும் ‘ரெபெல்’ என்னும் பெயரே சூட்டப்பட்டது. அக்கொடியின் நிழலில் கறுப்பின மக்கள் எவ்வாறு உணர்ந்திருப்பார்கள் என்பதை, வர்ஜீனியா மாநிலம் டான்வில் நகரைச் சேர்ந்த கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட்டின் வாழ்க்கை தெளிவாக்குகிறது. சொந்தப் பணத்தில், சொந்தக் கையால் பழுதுபார்த்த காரோடு ஊர் ஊராகச் சென்று, 1963 டிசம்பரில் ஜாக்சன்வில் நகரில் நாஸ்கார் முதன்மைத் தொடரில் வென்ற முதல் கறுப்பினத்தவராகிய அவருக்கு, 1960களின் தொடக்கத்தில் டார்லிங்டன் பாதையின் கதவு அடைபட்டே இருந்தது. ஜாக்சன்வில்லிலும் வெற்றிக் கோப்பை வேறொருவரிடம் கொடுக்கப்பட்டு, மக்கள் கலைந்தபின்னரே எண்ணிக்கைப் பிழை என்று கூறி அவரது வெற்றி ஒப்புக்கொள்ளப்பட்டது. ஸ்காட் 1990இல் மறைந்தார். நாஸ்காரின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2015இல், அரங்குகளில் அக்கொடி தடைசெய்யப்பட்டது 2020 ஜூனில்.

வேகத்தின் விலை

1957ஆம் ஆண்டுப் பந்தயம் இந்த வரலாற்றின் இருமுகங்களையும் ஒரே நாளில் காட்டியது. ஸ்பீடி தாம்ப்சன் அன்று பெற்ற வெற்றியில் இப்பந்தயத்தின் சராசரி வேகம் முதன்முறையாக மணிக்கு நூறு மைலைக் கடந்தது. அதே நாளில், சுழன்று பாதையில் நின்றுவிட்ட ஃபான்டி ஃபிளாக்கின் காரின்மீது மோதி பாபி மயர்ஸ் உயிரிழந்தார். காயமுற்ற ஃபிளாக் பந்தய வாழ்க்கையிலிருந்தே விலகினார். 1960இல் இரு கார்கள் உரசிக் கட்டுப்பாடிழந்தபோது, அவற்றுள் ஒன்று ‘பிட்’ எனப்படும், டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார்கள் வந்து நிற்கும் பணித்தளத்துக்குள் பாய்ந்ததில், கார் பழுதுபார்ப்போர் இருவரும் பந்தய அலுவலர் ஒருவரும் இறந்தனர். ஓட்டுநரின் பெயரைக் கூட்டம் கூவி அழைக்கும் விளையாட்டில், திருகுமுடுக்கியோடும் எரிபொருள் கலனோடும் ஓடியாடி உழைத்தவர்களும் உயிரைக் கொடுத்தார்கள் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

வண்டிகள் நாளுக்கு நாள் வேகம் கூடினாலும், நெடுந்தொலைவு தாங்கும் உறுதி அவற்றுக்கு எளிதில் வாய்க்கவில்லை. 1965இல் எஞ்சின்கள் சூடேறியும் உடைந்தும் ஒவ்வொன்றாக நின்றுபோக, தம் காரைப் பேணி ஓட்டிய நெட் ஜேரட் 14 சுற்றுகள், அதாவது 19 மைலுக்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றார். அதே பந்தயத்தில் கேல் யார்பரோவின் கார் காப்புவேலியைத் தாண்டிப் பறந்து பாதைக்கு வெளியே விழுந்தபோதும் அவர் காயமின்றி எழுந்து நடந்தார். புரென் ஸ்கீன் என்னும் ஓட்டுநரோ மோதலில் பட்ட காயத்தால் சில நாள்களில் இறந்தார். கணினிகள் இல்லாத அக்காலத்தில், ஒவ்வொரு காருக்கும் ஒருவர் அமர்ந்து சுற்றுகளைத் தாளில் குறித்துவந்ததால், யார் வென்றார் என்பதே சில வேளைகளில் ஐயத்துக்கு இடமாயிற்று; 1962இல் வெற்றிக்கொடி ஜூனியர் ஜான்சனுக்கு அசைக்கப்பட்ட பின், தாள்களை மணிக்கணக்கில் சரிபார்த்து, உண்மையில் வென்றவர் லாரி ஃபிராங்க் என்று அறிவிக்கப்பட்டது.

பாதையோடு பழகியவர்கள்

இருமுனைகளும் வேறுவேறாக அமைந்த பாதையில் ஒரு காரை எவ்வாறு பொருத்திக்கொள்வது என்பது டார்லிங்டன் எழுப்பும் தீராத வினா. கார் வளைவில் எந்த அளவு சாயவேண்டும், எந்தச் சக்கரத்தில் எவ்வளவு சுமை ஏறவேண்டும் என்பவற்றைப் பந்தயத்துக்கு முன்பே வில்கம்பிகளாலும் அதிர்வுதாங்கிகளாலும் அமைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விரிந்த வளைவுக்குப் பொருந்தும் அமைப்பு நெருங்கிய வளைவில் காரைச் சுவரை நோக்கித் தள்ளும், நெருங்கிய வளைவுக்கு ஏற்றதோ விரிந்த வளைவில் வேகத்தைக் குறைக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஏதேனும் ஒரு சமரசத்தைச் செய்துகொண்டு, குறைந்ததை ஓட்டுநர் தம் கையாலும் காலாலும் ஈடுசெய்ய நேர்கிறது. அத்துடன், மணல் கலந்த கரடான தளம் டயரை விரைவில் அரித்துவிடுவதாலும், விரைந்து செல்லும் வழி வெளிச்சுவரை ஒட்டியே அமைந்திருப்பதாலும், காரின் வலப்புறம் சுவரில் உராய்ந்து வண்ணம் பெயர்வது அங்கே இயல்பு. அந்தத் தடத்தை ஓட்டுநர்கள் ‘டார்லிங்டன் கோடு’ என்பர். பந்தயத்துக்கு முன் தாரால் மெழுகிக் கறுத்த பாதைக்கு ‘கறுப்புச் சீமாட்டி’ என்றும், ‘அடக்க முடியாதது’ என்றும் பட்டங்கள் வழங்கின.

இந்தச் சீமாட்டியின் மனத்தை அறிந்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், அருகிலுள்ள டிம்மன்ஸ்வில் பகுதியில் புகையிலை விவசாயியின் மகனாகப் பிறந்த கேல் யார்பரோ. 1950களின் தொடக்கத்தில் நுழைவுச்சீட்டு வாங்கப் பணமின்றிப் பந்தயம் பார்க்க வந்த அச்சிறுவன், 1957இல் பதினெட்டு வயதில் அதே பாதையில் ஓட்டுநராக இறங்கி, 1965இல் வேலி தாண்டி விழுந்து, 1968, 1973, 1974, 1978, 1982 என ஐந்து முறை வென்று, இப்பந்தயத்தை ஐந்து முறை வென்ற முதல்வரானார். அவரைப் போலவே தென் கரோலினாக்காரரான டேவிட் பியர்சன், இளவேனிற்காலப் பந்தயத்தையும் சேர்த்து அப்பாதையில் பெற்ற பத்து வெற்றிகள் இன்றளவும் எவராலும் எட்டப்படவில்லை. தொடர்ச்சியாக நான்கு ஆண்டுகள், 1995 முதல் 1998 வரை, வென்ற பெருமை ஜெஃப் கார்டனுக்கு உரியது.

இதற்கிடையே ‘ஸ்டாக்’ என்னும் சொல் தன் பொருளைச் சிறிது சிறிதாக இழந்தது. பாதுகாப்புக்காக இரும்புக் குழாய்க் கூடு உள்ளே நுழைந்தது. அடிச்சட்டம் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டது. இறுதியில், விற்பனைக் கூடத்துக் காரோடு பந்தயக் காருக்கு எஞ்சிய உறவு தோற்றமும் பெயருமே என்றாயிற்று. மான்ட்ஸ் ஊருக்குள் ஓட்டித் திரிந்த காரிலேயே வென்றதுபோல வெல்லும் காலம் திரும்பாதபடி சென்றது.

பணமும் நாள்காட்டியும்

1971இல் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டதால், விளம்பரத்துக்கு வேறு வழி தேடிய ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம், தன் வின்ஸ்டன் சிகரெட்டின் பெயரை நாஸ்கார் தொடருக்குச் சூட்டியதிலிருந்து இவ்விளையாட்டில் பெரும்பணம் புழங்கத் தொடங்கியது. டேடோனா, டாலடேகா, சார்லட், டார்லிங்டன் ஆகிய நான்கு ஊர்களின் முதன்மைப் பந்தயங்களில் மூன்றை ஒரே ஆண்டில் வெல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அந்நிறுவனம் 1985இல் அறிவித்தபோது, அந்த வரிசையில் இறுதியாக வந்த டார்லிங்டனின்மீது நாட்டின் கண் முழுவதும் பதிந்தது. கள்ளச்சாராயக் கதைகளுக்குப் பெயர்போன ஜார்ஜியா மாநிலத்து டாசன்வில் ஊரைச் சேர்ந்த பில் எலியட், டேடோனாவையும் டாலடேகாவையும் வென்று வந்து, செப்டம்பர் 1 அன்று டார்லிங்டனிலும் வென்று அப்பரிசைப் பெற்றார். இறுதிவரை அவரைத் துரத்தி நெருங்கிவந்து இரண்டாவதாக முடித்தவர், திசைமாற்றியின் துணைவிசை பழுதடைந்த காரை வெறுங்கை வலிமையால் திருப்பி ஓட்டிய நாற்பத்தாறு வயது கேல் யார்பரோ.

ஆயினும் பெருகிய பணமே சிற்றூரின் பிடியைத் தளர்த்தியது. 1982இல் பாதையின் உரிமை பில் பிரான்ஸ் குடும்பத்தின் நிறுவனத்துக்குச் சென்றது. 1984 முதல் பந்தயம் திங்களிலிருந்து ஞாயிற்றுக்கு மாறியது. பெருநகரங்களின் தொலைக்காட்சிச் சந்தைகளை நாடி நாஸ்கார் விரிந்தபோது, ஆண்டுக்கு இரு பந்தயங்கள் சிற்றூருக்குத் தேவையா என்னும் கேள்வி எழுந்தது. 2003 மார்ச்சில் நடந்த இளவேனிற்காலப் பந்தயத்தில் ரிக்கி கிரேவன், இரு கார்களும் உரசியபடியே கோட்டைக் கடக்க, நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளியில் கர்ட் புஷ்ஷை வென்று, அப்பாதை தன் வீரியத்தை இழக்கவில்லை என்று காட்டினார். அவ்வாண்டு செப்டம்பரில் டெர்ரி லபான்டி வென்ற பந்தயத்தோடு, ஐம்பத்து நான்கு ஆண்டு காலத் தொழிலாளர் நாள் வழக்கம் அறுந்தது. 2004இல் அந்த வார இறுதி கலிஃபோர்னியாவின் ஃபான்டானா பாதைக்குக் கைமாற, சதர்ன் 500 நவம்பருக்குத் தள்ளப்பட்டது. டெக்சஸ் பாதையை உடைமையாகக் கொண்ட நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கின் சமரசத்தை ஒட்டிய மாற்றங்களில், 2005 முதல் டார்லிங்டனுக்கு மே மாதத்தில் ஒரே பந்தயம் எஞ்சியது. சதர்ன் 500 என்னும் பெயரும் மறைந்து, விளம்பரதாரரின் கார்ப் பெயர்கள் அவ்விடத்தில் அமர்ந்தன. பிரேசிங்டன் பின்னாளில் உருவாக்கத் துணைநின்று 1965இல் திறந்த ராக்கிங்ஹாம் பாதை, அதே மாற்றங்களில் முதன்மைத் தொடரிலிருந்தே நீங்கியது.

நாள் மாறிய ஆண்டுகள் கற்பித்த பாடம் எளியது. பந்தயத் தொலைவு அதே ஐந்நூறு மைல், பாதையும் அதே பாதை. எனினும் பருத்திக்காலத்து வார இறுதியும் பழகிய பெயரும் இல்லாமல், பேரனோடு வந்தமர்ந்த பாட்டனுக்கு அது தன் பந்தயமாகத் தோன்றவில்லை. ஃபான்டானாவின் தொழிலாளர் நாள் பந்தயமும் எதிர்பார்த்த கூட்டத்தை ஈர்க்காமல் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 2009இல் சதர்ன் 500 என்னும் பெயர் திரும்பியது. 2015இல் தொழிலாளர் நாள் வார இறுதியும் திரும்பியது. அவ்வாண்டு முதல் சில ஆண்டுகள், கார்களுக்குப் பழைய காலத்து வண்ணங்களையும் எண் வடிவங்களையும் தீட்டி, ஓய்வுபெற்ற ஓட்டுநர்களை அழைத்துச் சிறப்பித்து, அந்த வார இறுதியை நினைவின் விழாவாகவே நடத்தினர். 2020இல் பெருந்தொற்றால் நின்றுபோன நாஸ்கார் தொடரை மீண்டும் தொடங்கும் இடமாக, மே 17 அன்று பார்வையாளர் எவரும் இல்லாத டார்லிங்டன் பாதையே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஓர் ஆண்டுப் பந்தயத்தை நிலைநிறுத்துவது பரிசுத்தொகையோ அரங்கின் அளவோ அல்ல, மக்கள் தம் வாழ்க்கையின் ஆண்டுகளை எண்ணுவதற்கு அது ஒரு குறியாக அமைவதே என்பதை டார்லிங்டனின் எழுபத்தைந்து ஆண்டுகள் சொல்லுகின்றன. அந்த நினைவில் ஹெர்ப் தாமஸின் ஹட்சனுக்கும் யார்பரோவின் ஐந்து வெற்றிகளுக்கும் இடம் இருப்பதுபோல, பணித்தளத்தில் இறந்தவர்களுக்கும், கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வெண்டல் ஸ்காட்டுக்கும் இடம் இருந்தால்தான் அது முழுமையான நினைவாகும். இன்றும் ஒவ்வொரு தொழிலாளர் நாள் வார இறுதியிலும் 367 சுற்றுகள் ஓடும் கார்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை, காரணம் அறியாமலே நெருங்கி வளைகின்றன. அவ்வளவு முறையும் அவை விலகிச் செல்வது ஷெர்மன் ராம்சியின் பொடிமீன் குளத்தைச் சுற்றித்தான்.